தமிழ், ஆங்கிலம், மலாய், சீனம்: வாக்கிய அமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் சிங்கப்பூரில் எங்கள் குடியிருப்புப் பேட்டையின் சமூக மன்றத்தில் இரண்டு வகுப்புகளை அடுத்தடுத்து நடத்துகிறேன். முதல் வகுப்புக்கு ஆங்கிலம் எழுதிப் பழக விரும்பும் பெரியவர்கள் வருகிறார்கள். தமிழகத்திலிருந்து அண்மையில் வந்த இல்லத்தரசிகளும் கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் தம்பிகளும் அவர்களில் அதிகம். அடுத்த வகுப்புக்கு வருபவர்கள், வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்து தமிழ்க் கட்டுரையில் தடுமாறும் பிள்ளைகள். இரு தரப்பினரும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து ஏறக்குறைய ஒரே ஐயங்களைக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வகுப்பில் பலரும் வாய்விட்டுப் படித்தே பழகுவதால், பிறமொழி எடுத்துக்காட்டுகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று பள்ளியில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. ஒரு வாக்கியத்தில் அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

பயனிலையிலிருந்து தொடங்குங்கள். 'பாட்டி தேக்கா சந்தையில் மீன் வாங்கினார்' என்ற வாக்கியத்தில் 'வாங்கினார்' என்பது பயனிலை. வாங்கியவர் யார் என்று கேட்டால் 'பாட்டி' என்ற விடை வரும், அது எழுவாய். எதை வாங்கினார் என்று கேட்டால் 'மீன்' என்ற விடை வரும், அது செயப்படுபொருள். 'தேக்கா சந்தையில்' என்பது இடத்தைச் சொல்கிறது. அதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும்.

முதலில் வரும் சொல்தான் எழுவாய் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். தமிழில் அதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு: வினைமுற்றின் ஈறு எழுவாயோடு ஒத்துப்போகும். 'வாங்கினார்' என்பதில் உள்ள 'ஆர்' பாட்டிக்குப் பொருந்துகிறது, மீனுக்குப் பொருந்தவில்லை. இந்தச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே கடினமான ஓர் இடத்தில் இது நமக்குக் கைகொடுக்கும்.

ஆங்கிலத்தில் வினைச்சொல் ஏன் நடுவில் வருகிறது? நமக்குக் கடைசியில்தானே வருகிறது?

'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்பது ஆங்கிலத்தில் 'ஐ ஈட் ரைஸ்', மலாயில் 'சாயா மாக்கான் நாசி', சீனத்தில் 'வோ ச்சி ஃபான்'. இந்த மூன்றிலும் வினை நடுவில் நிற்கிறது. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழ் மட்டுமே வினையை இறுதியில் வைப்பதால், இங்கு வளரும் பிள்ளைகளுக்குத் தமிழின் வரிசை ஏதோ விதிவிலக்குப் போலத் தோன்றுகிறது. உலக மொழிகளை எண்ணிப் பார்த்தாலோ, வினையை இறுதியில் வைக்கும் மொழிகளே மிகுதி. ஜப்பானியம், கொரியம், துருக்கியம், இந்தி ஆகியவை நம் வரிசையில்தான் நிற்கின்றன.

ஒரு மொழி ஏன் ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டது என்று காரணம் காட்டுவது கடினம். ஆனால் அந்த வரிசையோடு வேறு சில பழக்கங்களும் சேர்ந்தே வரும். ஜோசஃப் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க மொழியியலாளர் 30 மொழிகளை ஒப்பிட்டு 1963இல் வெளியிட்ட ஆய்வில், வினையை இறுதியில் வைக்கும் மொழிகள் இடத்தையும் காலத்தையும் காட்டும் சிறு சொற்களைப் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வைக்கின்றன என்று காட்டினார். 'மேசைமேல்', 'மழைக்குப் பிறகு' என்று நாம் சொல்வதை ஆங்கிலம் 'ஆன் த டேபிள்', 'ஆஃப்டர் த ரெய்ன்' என்று திருப்பிச் சொல்வது அதனால்தான். ஆங்கிலம் பழகுபவர் வினையை மட்டும் இடம் மாற்றினால் போதாது. அதோடு சேர்ந்தவை எல்லாமே இடம் மாறும்.

தமிழில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் தலைகீழாகிவிடுகிறது?

'நாய் பூனையைத் துரத்தியது', 'பூனையை நாய் துரத்தியது' என்று எப்படிச் சொன்னாலும் ஓடியது பூனைதான். துரத்தப்பட்டது யார் என்பதை 'ஐ' என்ற உருபு பூனையின் மேலேயே ஒட்டிவைத்திருக்கிறது. பூனை எங்கே போனாலும் அந்த அடையாளம் கூடவே போகிறது. 'த டாக் சேஸ்ட் த கேட்' என்ற ஆங்கில வாக்கியத்தில் நாயின் மேலும் பூனையின் மேலும் எந்த அடையாளமும் இல்லை. வினைக்கு முன்னால் நிற்பது துரத்துகிறது, பின்னால் நிற்பது ஓடுகிறது, அவ்வளவுதான். இடத்தை மாற்றினால் பூனை நாயைத் துரத்தத் தொடங்கிவிடும். எந்த மொழியைக் கற்றாலும் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: 'யார், யாரை' என்பதை இந்த மொழி எங்கே வைத்துச் சொல்கிறது? தமிழ் சொல்லின் ஈற்றில் வைக்கிறது. ஆங்கிலமும் சீனமும் சொல் நிற்கும் இடத்தில் வைக்கின்றன.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை ஈறுகள் இருந்தன. அவை தேய்ந்து மறையமறைய, சொல்வரிசை அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. 'ஹி', 'ஹிம்' என்ற வேறுபாடு அந்தப் பழைய காலத்தின் மிச்சம்.

தமிழ் பற்றிய உங்கள் கூற்றையும் சற்றுத் திருத்த வேண்டும். வரிசையை மாற்றினால் அழுத்தம் மாறும். 'பூனையை நாய் துரத்தியது' என்பது பூனையைப் பற்றிய பேச்சாகிவிடும். மேலும், உருபு மறைந்துவிட்டால் தமிழும் ஐயத்துக்கு இடம் கொடுக்கும். தொல்காப்பிய உரையாசிரியர்கள் காட்டும் 'புலி கொல் யானை' என்ற தொடரைப் பாருங்கள். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். உருபு எவ்வளவு பெரிய பாரத்தைச் சுமக்கிறது என்பது அது இல்லாத இடத்தில்தான் தெரிகிறது.

ஆங்கிலத்தில் 'எ', 'த' எங்கே போடுவது என்று கடைசிவரை புரியவில்லை. நம் மொழியில் அப்படி எதுவுமே இல்லையே?

இருக்கிறது, வேறோர் இடத்தில். 'நேற்றுப் புத்தகம் வாங்கினேன்' என்று ஒருவர் சொன்னால், ஏதோ ஒரு புத்தகம் என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். 'நேற்றுப் புத்தகத்தை வாங்கினேன்' என்றால், 'ஓ, நீங்கள் தேடிக்கொண்டிருந்த அந்தப் புத்தகமா' என்று கேட்பார். முந்தைய விடையில் பார்த்த அதே 'ஐ', அஃறிணைப் பெயர்களில் இந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. உருபு இல்லாத முதல் வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் 'எ புக்', உருபு உள்ள இரண்டாவதற்கு 'த புக்'. இந்த ஒப்பீட்டைப் பலகையில் எழுதிக் காட்டிய அன்று, பதினைந்து ஆண்டுகளாக ஆங்கிலச் செய்தித்தாள் படித்துவரும் ஓர் அண்ணன், "இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே" என்றார்.

இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி அன்று. மனிதரைக் குறிக்கும் சொல்லுக்கு 'ஐ' எப்படியும் வரும். 'டாக்டரைப் பார்த்தேன்' என்பது எந்த மருத்துவராகவும் இருக்கலாம். ஆகவே ஆங்கிலம் எழுதும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நான் எதைச் சொல்கிறேன் என்று கேட்பவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் 'த'. தெரியாது, அது எண்ணக்கூடிய ஒன்று என்றால் 'எ'. சோறு, தண்ணீர் போன்று எண்ண முடியாதவை பொதுவாக வந்தால் எதுவும் வேண்டாம்.

'ஐ கோ', 'வி கோ' என்றுவிட்டு, 'ஷி கோஸ்' என்று மட்டும் ஏன் ஒரு 'ஸ்'?

இதுவும் தேய்மானத்தின் மிச்சம்தான். தமிழில் போகிறேன், போகிறாய், போகிறாள், போகிறோம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் ஈறு இருக்கிறது. ஆங்கிலத்திலும் முன்பு அப்படிப் பல இருந்தன. நிகழ்காலத்தில் இன்று எஞ்சி நிற்பது இந்த ஒன்றுதான்.

இதற்கு ஒரு விளைவு உண்டு. 'வந்தேன்' என்று மட்டும் தமிழில் சொன்னால் அது முழு வாக்கியம். எழுவாய் ஈற்றிலேயே அடங்கியிருக்கிறது. அதைத் தோன்றா எழுவாய் என்கிறோம். ஆங்கிலத்தில் 'கேம்' என்று மட்டும் எழுதினால் வந்தது யாரென்று தெரியாது, எனவே எழுவாயைக் கட்டாயம் எழுத வேண்டும். செய்பவர் யாருமே இல்லாத இடத்திலும் 'இட் இஸ் ரெய்னிங்' என்று ஓர் 'இட்' வைக்க வேண்டியிருக்கிறது. தமிழில் மழையே பெய்துகொள்கிறது.

கேள்வி கேட்கும்போது மட்டும் இந்த 'டூ', 'டிட்' எங்கிருந்து வந்துவிடுகிறது?

ஆங்கிலத்தில் கேள்வி கேட்க, எழுவாய்க்கு முன்னால் ஒரு துணைவினை வர வேண்டும். 'ஷி இஸ் கமிங்' என்பதில் 'இஸ்' ஏற்கெனவே இருப்பதால் அது முன்னால் போய்விடுகிறது. 'ஷி பாட் ஃபிஷ்' என்பதில் அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே 'டிட்' வரவழைக்கப்படுகிறது. வந்த 'டிட்' இறந்தகாலத்தைத் தானே எடுத்துக்கொள்வதால், வினை 'பை' என்று பழைய வடிவுக்குத் திரும்புகிறது. 'டிட் ஷி பாட்' என்று எழுதுவது காலத்தை இரண்டு முறை சொல்வதாகும்.

தமிழில் 'ஆ' என்ற ஓரெழுத்து இதை எளிதாக முடித்துவிடுகிறது. மாலா மீன் வாங்கினாளா, மாலாவா மீன் வாங்கினாள், மாலா மீனா வாங்கினாள்: எதன்மேல் ஐயமோ அதன்மேல் 'ஆ' ஏறிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இந்த மூன்றையும் எழுத்தில் பிரித்துக் காட்ட வாக்கியத்தையே மாற்றிக் கட்ட வேண்டும். சீனம் வாக்கியத்தின் இறுதியில் 'மா' என்ற சொல்லைச் சேர்க்கிறது, அல்லது 'முடியும் முடியாது' என்று வினையை இருமுறை அடுக்கிக் கேட்கிறது. நம் ஊர் 'கேன் ஆர் நாட்?' அந்த இரண்டாவது அமைப்பின் சாயலில் அமைந்தது.

பெயரடை முன்னால் வருமா, பின்னால் வருமா? மலாயில் எல்லாம் தலைகீழாக இருக்கிறதே?

இதற்கு விடை எம்ஆர்டி ரயில் வழித்தடத்திலேயே இருக்கிறது. கிழக்கு மேற்குப் பாதையில் ரெட்ஹில் என்றொரு நிலையம் உண்டு. அது நிற்கும் வட்டாரத்தின் பெயர் புக்கிட் மேரா. இரண்டும் ஒரே பொருள்தான். ஆங்கிலத்தில் 'ரெட்' முதலில், 'ஹில்' அடுத்து; மலாயில் 'புக்கிட்' என்ற குன்று முதலில், 'மேரா' என்ற சிவப்பு அடுத்து. அந்த நிலையத்தின் சீனப் பெயர் 'ஹோங் ஷான்'. அதிலும் சிவப்பே முன்னால். தமிழில் சொன்னால் செம்மலை. மூன்று மொழிகளில் நிறம் முதலில் வர, மலாயில் மட்டும் குன்று முதலில் வருகிறது. இந்தப் பார்வையோடு பெயர்ப்பலகைகளைப் படித்தால், ஜாலான் புசார் பெரிய சாலையாகவும் பாசிர் பாஞ்சாங் நீண்ட மணலாகவும் தெரியத் தொடங்கும்.

காப்பிக் கடையிலும் இதே பாடம் நடக்கிறது. 'கோப்பி ஓ கோசோங்' என்று கேட்கிறோம். கோப்பி மலாய்ச் சொல். ஓ என்பது ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியில் கறுப்பைக் குறிக்கும் சொல். கோசோங் என்றால் மலாயில் வெறுமை, இங்கே சீனி இல்லை என்று பொருள். சொற்கள் இரண்டு மொழிகளிலிருந்து வந்தாலும் வரிசை மலாயின் வரிசை: முதலில் பொருள், பிறகு அதன் குணங்கள் ஒவ்வொன்றாக. இதையே தமிழில் விரித்தால், 'சீனி போடாத, பால் ஊற்றாத கோப்பி' என்று கோப்பி கடைசியில் வந்து நிற்கும். தமிழ் தன் தலைச்சொல்லை, அதாவது தொடரின் முதன்மையான சொல்லை, எப்போதும் இறுதியில் வைக்கும் மொழி. வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்பதும், கோப்பி தன் அடைமொழிகளின் இறுதியில் நிற்பதும் ஒரே பழக்கம்தான்.

மலாய்க்கும் சீனத்துக்கும் இலக்கணமே இல்லை, அதனால் சுலபம் என்கிறார்களே?

வினைத் திரிபு இல்லை என்பதை இலக்கணமே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். இது அந்த மொழிகளுக்குச் செய்யும் அநீதி. மலாயில் 'மாக்கான்' என்றால் உண், 'மாக்கானான்' என்றால் உணவு, 'டிமாக்கான்' என்றால் உண்ணப்பட்டது, 'பெமாக்கான்' என்றால் உண்பவர் அல்லது உண்ணி. வேர்ச்சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டும் இந்தச் சிறு துண்டுகள்தான் மலாய் இலக்கணத்தின் உயிர். எண்ணும்போதும் விதி உண்டு: இரண்டு பூனை என்பது 'டுவா எக்கோர் கூச்சிங்'. எக்கோர் என்றால் வால். விலங்குகளை வால் கணக்கில் எண்ண வேண்டும். மனிதரை எண்ண 'ஓராங்' வரும். சீனத்திலும் ஒரு புத்தகம் என்பது 'யி பென் ஷூ'. நடுவில் உள்ள 'பென்' இல்லாமல் எண்ண முடியாது. தாளுக்கு ஒரு சொல், நாற்காலிக்கு ஒரு சொல் என்று அந்த வரிசை நீள்கிறது.

'மை ஹஸ்பண்ட் டிரைவர்' என்று எழுதினேன், தவறு என்றார்கள். 'என் கணவர் ஓட்டுநர்' என்பது சரியான வாக்கியம்தானே?

தமிழில் முழுக்கச் சரி. தமிழ்ப் பயனிலை வினையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பெயரும் பயனிலையாகலாம். மலாயிலும் 'டியா குரு' என்றால் 'அவர் ஆசிரியர்' என்ற முழு வாக்கியம். ஆங்கிலம் வினையில்லா வாக்கியத்தை ஏற்பதில்லை; 'இஸ்' கட்டாயம். சீனம் நடுவழியில் நிற்கிறது: 'அவர் ஆசிரியர்' என்பதற்கு 'ஷி' என்ற சொல் வேண்டும், 'அவர் உயரம்' என்பதற்கு அது வரக்கூடாது.

எதிர்மறையில் தமிழும் மலாயும் கைகோத்துக்கொள்வதைப் பாருங்கள். 'அவர் ஆசிரியர் அல்லர்' என்பதும் 'அவர் வரவில்லை' என்பதும் தமிழில் இரு வேறு எதிர்மறைகள். மலாயிலும் பெயரை மறுக்க 'புக்கான்', வினையை மறுக்க 'தீடாக்' என்று இரண்டு உண்டு. ஆங்கிலம் இரண்டுக்கும் 'நாட்' என்ற ஒன்றையே வைத்திருக்கிறது. பேச்சுத் தமிழிலும் இன்று 'இல்லை' என்ற ஒன்றே இரண்டு வேலையையும் பார்க்கிறது. எழுத்தில் அந்த வேறுபாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பது என் கருத்து. 'அது அல்ல', 'அது இல்லை' என்பவற்றின் பொருள் வேறு.

'எனக்குப் பசிக்கிறது' என்பதில் எழுவாய் எங்கே? 'நான்' என்று எதுவும் இல்லையே?

என் வகுப்பில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, "நான் பிடிக்கும் கோழிச் சோறு" என்றாள். ஒவ்வொரு சொல்லும் தமிழ். அமைப்பு 'ஐ லைக் சிக்கன் ரைஸ்'. அவள் செய்தது கவனக்குறைவு அன்று. ஆங்கிலத்தில் பசி, விருப்பம், அறிவு, வலி எல்லாவற்றுக்கும் 'ஐ' எழுவாயாக வருகிறது. தமிழ் அப்படிப் பார்ப்பதில்லை. நான் முயன்று செய்யும் செயலுக்கு 'நான்'; என்னிடம் வந்து சேரும் உணர்வுக்கு 'எனக்கு'. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குத் தலை வலிக்கிறது என்று நான்காம் வேற்றுமை அங்கே வருகிறது. 'நான் பார்த்தேன்' என்பதையும் 'எனக்குத் தெரிந்தது' என்பதையும் அருகருகே வைத்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கிவிடுகிறது.

இப்போது முதல் விடையில் சொன்ன சோதனைக்கு வருவோம். 'எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்' என்பதில் வினையின் ஈறு யாரோடு ஒத்துப்போகிறது? பிள்ளைகளோடு. ஆகவே எழுவாய் பிள்ளைகள். ஆங்கிலத்தின் 'ஹேவ்' என்ற வினைக்கு நேரான வினை தமிழில் இல்லை. நம்மிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள், வீடு இருக்கிறது, நேரம் இருக்கிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் 'அது' என்று முடியும் ஈறு என்னோடு ஒத்துப்போகவில்லை. பசியே அங்கே மறைந்து நிற்கும் எழுவாய் என்று கொள்வோரும் உண்டு, எழுவாய் இல்லாத வாக்கியம் என்போரும் உண்டு. எனக்கு முதற்கருத்தே பொருத்தமாகப் படுகிறது, ஏனெனில் 'எனக்குப் பசி எடுக்கிறது' என்று விரித்துச் சொல்லும்போது அந்த எழுவாய் தானாகவே வெளியே வருகிறது.

'ஐ ஈட் ஆல்ரெடி' என்றுதான் இங்கே எல்லோரும் பேசுகிறார்கள். பிறகு ஏன் தவறு என்கிறீர்கள்?

பேச்சில் அதைத் தவறு என்று நான் சொல்வதில்லை. அதற்கும் விதி இருக்கிறது. சீனத்தில் வினை மாறாது; செயல் முடிந்ததை 'லெ' என்ற துகள் காட்டும். மலாயில் 'சூடா' என்ற சொல் அந்த வேலையைச் செய்யும். அந்தப் பழக்கம் ஆங்கிலச் சொற்களை உடுத்திக்கொண்டு வந்ததே இந்த 'ஆல்ரெடி'. 2000இல் அரசாங்கம் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தைத் தொடங்கியது. அந்தப் பேச்சு வழக்கோ இன்றும் கடைகளிலும் பேருந்திலும் உயிரோடு இருக்கிறது. ஆனால் வேலைக்கான விண்ணப்பத்தையும் தேர்வுத்தாளையும் படிப்பவர் எதிர்பார்ப்பது வேறு ஆங்கிலம். அங்கே 'ஐ ஹேவ் ஈட்டன்' என்றுதான் எழுத வேண்டும்.

எப்போது 'ஏட்', எப்போது 'ஹேவ் ஈட்டன்' என்ற குழப்பத்துக்குத் தமிழே ஓரளவு உதவும். 'நேற்று எட்டு மணிக்குச் சாப்பிட்டேன்': காலம் குறிக்கப்பட்டுவிட்டது, ஆகவே 'ஏட்'. 'சாப்பிட்டுவிட்டேன், எனக்கு வேண்டாம்': செயல் முடிந்தது, அதன் விளைவு இப்போது நிற்கிறது, ஆகவே 'ஹேவ் ஈட்டன்'. 'நான் டுரியான் சாப்பிட்டிருக்கிறேன்' என்ற அனுபவத்துக்கும் அதேதான். காலத்தைக் குறிக்கும் சொல் வந்தால் மட்டும் கவனம் தேவை: 'நேற்றுச் சாப்பிட்டுவிட்டேன்' என்பது தமிழில் சரி, 'ஹேவ் ஈட்டன் எஸ்டர்டே' என்பது ஆங்கிலத்தில் சரியில்லை.

நீளமான ஆங்கில வாக்கியத்தைப் படித்தால் பாதியிலேயே வழி தவறிவிடுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும் ஒரு நீண்ட வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் 1966இல் எழுதிய தேசிய உறுதிமொழி, ஒரே ஒரு வாக்கியம்தான். ஆங்கில வடிவில் உறுதி கூறும் வினையான 'பிளெட்ஜ்' ஆறாவது சொல்லாகவே வந்துவிடுகிறது. யார், என்ன செய்கிறார்கள் என்பது முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும். எப்படி, எதற்காக என்பவை அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து, நாட்டின் மகிழ்ச்சியும் வளமும் முன்னேற்றமும் கடைசியில் வருகின்றன. தமிழ் வடிவம் 'சிங்கப்பூர் குடிமக்களாகிய நாம்' என்று தொடங்குகிறது. இன, மொழி, சமய வேறுபாடுகளை மறப்பதும், நாடு வளம் பெறுவதும், நீதியும் சமத்துவமும், மக்களாட்சியும் எல்லாம் சொல்லப்பட்ட பிறகு, கடைசியில்தான் 'உறுதி மேற்கொள்வோமாக' என்ற வினை வருகிறது. ஆங்கிலத்தில் இறுதியில் நின்ற நாட்டின் வளம் தமிழில் மக்களாட்சிக்கு முன்னால் வந்துவிட்டது. பள்ளித் திடலில் இதை நாள்தோறும் சொல்லும் பிள்ளைகள், இரண்டு வடிவங்களையும் அருகருகே எழுதிக் கோடு இழுத்துப் பார்த்தபோது, கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதைக் கண்டு வியந்தார்கள்.

ஆகவே நீண்ட ஆங்கில வாக்கியத்தில் முதல் முற்றுவினையைத் தேடி அடிக்கோடிடுங்கள். அதற்கு முன்னால் இருப்பது எழுவாய். 'ஹூ', 'விச்', 'தட்' என்று தொடங்குபவை பெரும்பாலும் தமக்கு முன்னால் உள்ள பெயரை விளக்க வந்த கிளைகள்; அவற்றுக்குள் இருக்கும் வினையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 'த பாய் ஹூ பாரோட் த புக்' என்பது தமிழில் 'புத்தகத்தை இரவல் வாங்கிய பையன்'. நாம் 'வாங்கிய' என்ற பெயரெச்சத்தை வைத்துப் பையனை இறுதிக்குத் தள்ளுகிறோம். கோப்பி பற்றிய விடையில் சொன்ன அதே பழக்கம். மலாய் 'யாங்' என்ற சொல்லைக் கொண்டு ஆங்கிலம்போல் பின்னால் விளக்குகிறது. சீனம்தான் வியப்பளிக்கிறது: வினையை ஆங்கிலம்போல் நடுவில் வைத்துக்கொண்டே, இந்த விளக்கத்தை மட்டும் 'தெ' என்ற துகளைக் கொண்டு தமிழைப்போல் பெயருக்கு முன்னால் வைக்கிறது. உலக மொழிகளில் இந்தச் சேர்க்கை மிக அரிது.

உறுதிமொழியில் 'நாம்' என்று வருகிறது. 'நாங்கள்' என்று ஏன் வரவில்லை?

'நாம்' கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும், 'நாங்கள்' சேர்க்காது. ஆங்கிலத்தின் 'வி' இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. ஆகவே மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மலாயிலும் இதே இரண்டு உண்டு: சேர்ப்பது 'கித்தா', சேர்க்காதது 'காமி'. உறுதிமொழியின் மலாய் வடிவம் 'காமி' என்று தொடங்குகிறது, தமிழ் வடிவம் 'நாம்' என்கிறது. மலேசியாவின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவிலும் 'காமி'தான்; உறுதி கூறுவோர் முன்னால் நின்று சொல்லும் தோரணை அதில் இருக்கிறது. தமிழின் 'நாம்' சொல்பவரையும் கேட்பவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. இரண்டுமே பொருத்தமானவை.

கட்டுரையில் 'செய்யப்பட்டது', 'வழங்கப்பட்டது' என்று எழுதினால்தான் மதிப்பெண் கிடைக்குமா?

இல்லை. செய்தவர் யாரென்று தெரியாதபோதும் சொல்ல அவசியம் இல்லாதபோதும் செயப்பாட்டு வினை பயன்படும். 'இப்பாலம் சென்ற ஆண்டு கட்டப்பட்டது' என்பதில் குறையில்லை. 'ஆசிரியரால் எனக்குப் பரிசு வழங்கப்பட்டது' என்பது ஆங்கில அமைப்பின் நகல். 'ஆசிரியர் எனக்குப் பரிசு வழங்கினார்' என்று எழுதினால் வாக்கியம் நிமிர்ந்து நிற்கும்.

வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்குத் தமிழ் வாக்கியம் அமைக்க எப்படிச் சொல்லித் தருவது?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம். ஆகவே உங்கள் பிள்ளையின் நிலை தனிப்பட்ட குறை அன்று. அந்தப் பிள்ளை முதலில் ஆங்கில வாக்கியத்தை நினைத்து, பிறகு இடமிருந்து வலமாக ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்குகிறது. 'நான் போனேன் கடைக்கு வாங்க ரொட்டி' என்று வருவது அதனால்தான்.

நான் கையாளும் முறை இது. வினையை முதலில் சொல்லவைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் விடையை அதன் முன்னால் சேர்க்கச் சொல்வேன். "வாங்கினேன்." எதை? "ரொட்டி வாங்கினேன்." எங்கே? "கடையில் ரொட்டி வாங்கினேன்." எந்தக் கடை? "புளோக்கின் கீழே இருக்கும் கடையில் ரொட்டி வாங்கினேன்." ஆங்கில வாக்கியம் வலப்பக்கம் வளர்கிறது, தமிழ் வாக்கியம் இடப்பக்கம் வளர்கிறது என்பதைப் பிள்ளை தன் வாயாலேயே உணர்ந்துகொள்கிறது. பல செயல்கள் வந்தால் 'அண்ட்' என்பதற்கு 'மற்றும்' தேட வேண்டாம். 'கடைக்குப் போய், ரொட்டி வாங்கி, அம்மாவிடம் கொடுத்தேன்' என்று வினையெச்சங்களை அடுக்கி ஒரே ஒரு முற்றுவினையில் முடிக்கச் சொல்லுங்கள். பேச்சுத் தமிழிலும் இதே வரிசைதான் என்பதால், 'வாங்கினேன்' என்று சொன்னாலும் 'வாங்குனேன்' என்று சொன்னாலும் பயிற்சி வீணாகாது. கோழிச் சோறு கேட்ட அந்தச் சிறுமி மூன்றாம் வாரத்தில், "எனக்குப் பிடிக்கும்" என்று தொடங்கி, சற்று நிறுத்தி, பிறகு முதலிலிருந்து திருத்திக்கொண்டு சொன்னாள்: "எனக்குக் காரமில்லாத கோழிச் சோறு பிடிக்கும்."